ஓபல் பொறுக்கப் போகிறவர்களுக்கு

ஓபல் தேடக் கிளம்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கல்லுக்குள் நிறம் எப்படி வருகிறது என்பதைத்தான். எங்கே தோண்டுவது, என்ன கருவி வாங்குவது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். ஆனால் நிறம் வரும் விதம் புரிந்துவிட்டால், வெயில் எந்தப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும், கையில் எதற்குத் தண்ணீர் பாட்டில், எந்தக் கல்லைக் கொண்டுவந்ததும் அவசரமாக உலர்த்தக் கூடாது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர் ராசிக்கல் கடைகளில் ஓபல் பார்த்திருப்பீர்கள். சுக்கிரனுக்கு வைரம் போட வசதிப்படாதவர்களுக்கு இதைச் சொல்வார்கள். பால் வெள்ளையான கல், அசைத்தால் உள்ளே பச்சையும் நீலமும் எங்காவது ஒரு துளி சிவப்பும் ஓடும். அந்த நிறங்களில் எதுவுமே சாயம் கிடையாது. மாணிக்கத்தின் சிவப்புக்கு அதற்குள் இருக்கும் குரோமியம் காரணம். ஓபலில் ஓடும் நிறங்களுக்கு அப்படி ஒரு பொருளைக் காட்ட முடியாது. ஓபல் என்பது வெறும் சிலிக்காவும் தண்ணீரும்தான், மணலில் இருக்கும் அதே சிலிக்கா. நல்ல ஓபலின் எடையில் பொதுவாக 6 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். படிகமும் கிடையாது, அதனால் கறாராகப் பேசும் கனிமவியலாளர்கள் இதைக் கனிமம் என்று சொல்லத் தயங்குவார்கள்.

அப்படியானால் நிறம் எங்கிருந்து வருகிறது? 1964-இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜே. வி. சாண்டர்ஸ் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஓபலைப் பார்த்துதான் இதற்கு விடை சொன்னார். உள்ளே முழுக்கக் குட்டிக் குட்டி சிலிக்கா உருண்டைகள், ஒரே அளவில், மிட்டாய்க் கடைத் தட்டில் லட்டு அடுக்கிய மாதிரி வரிசை மேல் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஓர் உருண்டையின் விட்டம் ஏறக்குறைய 150 முதல் 300 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் சில ஆயிரம் உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம். ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதனால் வெள்ளை வெளிச்சம் இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் பிரிந்து வெளியே வருகிறது. உருண்டை சிறிதாக இருந்தால் ஊதாவும் நீலமும் மட்டும் வரும், பெரிதாக இருந்தால் சிவப்பும் வரும். சிவப்பைத் திருப்பித் தரும் அளவுக்குப் பெரிய உருண்டைகள் உள்ள கல்லைச் சாய்த்தால் பச்சையும் நீலமும்கூடத் தெரியும். நீலம் மட்டும் தரும் கல்லை என்ன சாய்த்தாலும் சிவப்பு வராது. சிவப்பு ஓடும் ஓபலுக்கு விலை ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

உருண்டைகள் ஒரே அளவில் இல்லாமலோ வரிசை கலைந்தோ கிடந்தால்? அதே சிலிக்கா, அதே தண்ணீர், ஆனால் நிறம் ஓடாது. பால் வெள்ளையாகவோ சாம்பலாகவோ கறுப்பாகவோ சும்மா கிடக்கும். இதற்குச் சுரங்கக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பாட்ச். பொறுக்கப் போகும் உங்கள் கையில் வரப்போகிறதில் மிகப் பெரும்பகுதி இதுதான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் பாட்சை வெறுக்காதீர்கள். பாட்ச் கிடக்கிற இடத்தில்தான் ஓபலும் கிடக்கும், பல சமயம் ஒரே துண்டில் ஒரு பக்கம் பாட்சும் மறுபக்கம் கோடு போல நிறமும் இருக்கும்.

உலகத்தில் ஓபல் கிடைக்கும் இடங்கள் நிறைய. மெக்சிகோவின் கெரெத்தாரோ பக்கம் தீ நிற ஓபல், எத்தியோப்பியாவின் வெல்லோ, அமெரிக்காவில் நெவாடா, ஐடஹோ என்று சொல்லிக்கொண்டே போகலாம். புதியவருக்கு நான் சொல்வது ஆஸ்திரேலியாதான். அங்கே ஓபல் தேசிய ரத்தினம், 1993-இல் அறிவித்தார்கள். அதைவிட முக்கியம், சாதாரண ஆள் போய் உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்க்கத் தோதாக அங்கே சில ஊர்கள் இருக்கின்றன.

அந்த நாட்டின் நடுவில் இன்று பாலைவனமாகக் கிடக்கும் பரப்பில் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் எரமாங்கா என்ற ஆழமில்லாத கடல் இருந்தது. அது வற்றியபோது விட்டுப்போன சேறும் மணலும் இறுகிப் பாறையாயின. பிறகு வெயிலிலும் மழையிலும் அந்தப் பாறை மக்கியபோது சிலிக்கா நிலத்தடி நீரில் கரைந்து இறங்கி, கீழே விரிசல், பொந்து, செத்த சிப்பி விட்டுப்போன வெற்றிடம் என்று எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் கூழாகத் தங்கி மெல்ல மெல்ல இறுகியது. கூழ் அசையாமல் இருந்த இடத்தில் உருண்டைகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டன, மற்ற இடத்தில் பாட்ச் ஆயிற்று. அதனால்தான் ஒரே சுரங்கத்தில் ஓர் அடி தள்ளிப் போனால் ஒன்றுமே இருக்காது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டரில் கூபர் பீடி இருக்கிறது. 1915-இல் தங்கம் தேடி வந்த ஒரு கூட்டத்தோடு வந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன்தான் அங்கே முதலில் ஓபலைக் கண்டது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் ஊர், ஆகவே பாதி ஊர் மண்ணுக்கு அடியில் குடைந்த வீடுகளில் வாழ்கிறது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கூம்புக் கூம்பாக மண்மேடுகள். ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கத்தில் ஒரு குழி, சில 20, 30 மீட்டர் ஆழம். கீழே வெட்டிய மண்ணை ராட்சத வேக்குவம் கிளீனர் போன்ற ஓர் இயந்திரம் குழாய் வழியே உறிஞ்சி லாரியின் தலைமேல் இருக்கும் பெரிய தொட்டியில் சேர்த்து, நிறைந்ததும் அப்படியே கீழே கொட்டும். ப்ளோவர் என்பார்கள். வெட்டுகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்த அரையிருட்டில் புழுதிக்கு நடுவே சின்னத் துண்டுகள் தப்பிப் போகும். அப்படித் தப்பியதை மேட்டில் தேடிப் பொறுக்குவதுதான் நூடுலிங். நம் பொழுதுபோக்கு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. குழி வெட்ட வேண்டாம், வெடி வைக்க வேண்டாம், உட்கார்ந்து பார்க்கத் தெரிந்தால் போதும்.

கூபர் பீடியில் ஊருக்குள்ளேயே, ஜூவல்லர்ஸ் ஷாப் ரோடு என்ற சாலையில், பொதுமக்கள் பொறுக்குவதற்கென்றே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். முதல் தடவை போகிறவர் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். ஊருக்கு வெளியே போனால் இரண்டு சிக்கல். ஒன்று, நான்கு மூலையிலும் குச்சி நட்ட நிலம் யாரோ ஒருவர் பதிந்து வைத்திருக்கும் கிளெய்ம், உரியவர் அனுமதி இல்லாமல் அதற்குள் கால் வைக்கவே கூடாது. ஓபல் ஊர்களில் அடுத்தவர் சுரங்கத்தில் ராத்திரி இறங்கித் திருடுகிறவர்கள் உண்டு, அவர்களை எலிகள் என்று பெயர் வைத்துத் திட்டுவார்கள். தெரியாமல் போய் நின்றாலும் அந்தச் சந்தேகம் உங்கள் மேல் வரும். இரண்டாவது சிக்கல் அந்தக் குழிகள். மூடி இல்லை, வேலி இல்லை, பக்கத்தில் போகும் வரை கண்ணில் படாது. ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே என்று படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகளை அங்கே வைத்திருக்கிறார்கள், போட்டோ எடுக்கிற ஆர்வத்தில் ஓரடி பின்னால் வைப்பவர்களுக்காகத்தான் அது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் கையை விடவே விடாதீர்கள்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குயின்ஸ்லாந்தில் பொழுதுபோக்குக்குப் பொறுக்கவும் உரிமம் வாங்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட பூங்காக்களில் கல்லைத் தொடக் கூடாது. போகும் ஊரின் சுற்றுலாத் தகவல் மையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள், வரைபடமே கொடுப்பார்கள்.

சரி, மேட்டுக்கு வந்துவிட்டோம். என்ன கொண்டுபோவது? ஒரு சின்னக் கை மண்வாரி, ஒரு சல்லடை, தெளிக்கும் மூக்கு வைத்த தண்ணீர் பாட்டில், கையுறை, தொப்பி, குடிக்கத் தண்ணீர் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான குளிர் மாதங்களில் போனால் உடம்பு தாங்கும். ஈ வலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர் ஈக்கள் கண்ணைத் தேடி வந்து உட்காரும்.

இப்போது அந்த உருண்டைகளை நினைவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஓபல் தன் நிறத்தை வெளிச்சம் வந்த பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஆகவே சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் வெயில் சாய்வாக விழும்போது மேட்டின் சரிவில் மெல்ல நடந்தால், மண்ணிலிருந்து ஒரு பொட்டு நிறம் திடீரென்று விழித்துப் பார்க்கும், இன்னும் அரை அடி எடுத்து வைத்தால் அணைந்துவிடும். அந்த இடத்திலேயே நின்று தலையை மட்டும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், மறுபடி கிடைக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் எனக்குப் பிடித்த நாள். மேலே படிந்த புழுதியெல்லாம் கழுவிப்போய் மேடு புதிதாக இருக்கும்.

மினுங்குவதெல்லாம் ஓபல் என்று நினைத்துவிடாதீர்கள். கூபர் பீடி மண்ணில் ஜிப்சம் ஏராளம், கண்ணாடிச் சில்லு போல வெயிலில் பளீரென்று அடிக்கும். வித்தியாசம் சுலபம். ஜிப்சத்தின் மினுக்கு வெள்ளையாக, கூர்மையாக இருக்கும், தட்டையான தகடுகளாக உரியும், விரல் நகத்தாலேயே கீறலாம். ஓபல் நகத்துக்கு மசியாது, கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதற்கு 5.5 முதல் 6.5 வரை. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் சிப்பியின் உட்புறம் மாதிரி வளைந்து வழுவழுப்பாக இருக்கும். உடைந்த பாட்டில் துண்டும் இதே மாதிரிதான் உடையும், ஆனால் கண்ணாடிக்குள் நிறம் ஓடாது. கையில் எடுத்தால் கண்ணாடியைவிட ஓபல் கொஞ்சம் இலேசாகவும் இருக்கும்.

துண்டைக் கையில் எடுத்ததும் தண்ணீர் தெளியுங்கள். சொரசொரப்பான மேற்பரப்பில் வெளிச்சம் சிதறிப்போவதால்தான் காய்ந்த கல் சாம்பல் பூசிய மாதிரி தெரிகிறது. ஒரு படலம் தண்ணீர் ஏறினால் மேற்பரப்பு வழவழப்பாகி வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பும். பழைய ஆட்கள் நாக்கால் நக்கிப் பார்ப்பார்கள், பாட்டில் இருக்கும்போது அது எதற்கு? நனைந்த துண்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, வெயிலில் மெல்லத் திருப்புங்கள். முக்கியமாக ஓரத்தைப் பாருங்கள். பாட்சுக்கு நடுவே நூல் கனத்தில் ஒரு பட்டை, நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும், பக்கவாட்டில் சாய்த்தால் பச்சை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். அந்தப் பட்டையைத்தான் தேடுகிறோம். அது எந்தத் திசையில் போகிறது என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேய்க்கும்போது அதற்கு இணையாகத்தான் தேய்க்க வேண்டும்.

புற ஊதா விளக்கு வைத்து இருட்டில் தேடுகிறவர்களும் உண்டு. கூபர் பீடியின் வெளிர் ஓபலும் பாட்சும் அந்த விளக்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒளிரும். தொழிலாகச் செய்பவர்கள் மண்ணை இருட்டறைக்குள் கன்வேயர் பெல்ட்டில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் மினுங்குவதை மட்டும் கையால் எடுப்பார்கள். நீங்கள் பகலில் சலித்த கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. குழிகள் நிறைந்த நிலத்தில் ராத்திரி நடமாட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தேளும் அந்த விளக்கில் பச்சையாக ஒளிரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் உள்ள லைட்னிங் ரிட்ஜ் இன்னொரு விதமான ஊர். உலகத்தின் பேர்போன கறுப்பு ஓபல் வருவது அங்கிருந்து. கறுப்பு என்றால் கல் முழுக்க இருட்டு என்று அர்த்தமில்லை. நிறப் பட்டைக்கு அடியில் கறுப்பு பாட்ச் ஒட்டியிருக்கும், உள்ளே போய் வீணாகச் சிதறும் வெளிச்சத்தை அந்தக் கறுப்பு விழுங்கிவிடுவதால் மேலே வரும் நிறம் தீப்பிடித்த மாதிரி தெரியும். அடித்தளத்தின் கருமையை என்1 முதல் என்9 வரை மதிப்பிடுவார்கள், என்1 முதல் என்4 வரைதான் கறுப்பு ஓபல். அங்கே ஓபல் பெரும்பாலும் நாபி எனப்படும் உருண்டைக் கட்டிகளாக, களிமண் ஒட்டிக்கொண்டு வரும். பழைய கான்கிரீட் கலவை லாரியின் உருளையில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கழுவுவார்கள், கழுவி மிஞ்சிய சரளையிலும் துண்டுகள் இருக்கும். இந்தக் கறுப்புக் கல்லில் பல, புற ஊதா விளக்கில் ஒளிர்வதே இல்லை, ஆகவே அங்கே கண்ணும் தண்ணீரும்தான் துணை. குயின்ஸ்லாந்தில் வின்டன், குவில்பி, யோவா பக்கமெல்லாம் இரும்புக்கல்லின் விரிசலுக்குள் மெல்லிய நரம்பாக ஓபல் ஓடும், அது பௌல்டர் ஓபல்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். வித்தியாசமான வடிவத்தில் பாட்ச் துண்டு கிடைத்தால், உள்ளே நிறம் இருக்கிறதா என்று பார்க்க உடனே இடுக்கியால் வெட்டிவிடாதீர்கள். சிப்பியும் எலும்பும் பல்லும் மக்கிப்போன இடத்தைச் சிலிக்கா நிரப்பியதால் அந்த வடிவத்திலேயே ஓபல் கிடைக்கிறது. கூபர் பீடியில் 1987-இல் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குக் கடல்வாழ் ஊர்வன ஒன்றின் எலும்புக்கூடு ஓபலாக மாறிய நிலையில் கிடைத்தது. எரிக் என்று செல்லப் பெயர் வைத்த அது சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2006-இல் உமூனாசாரஸ் என்று அறிவியல் பெயரும் பெற்றது. 2018-இல் பெயர் சூட்டப்பட்ட வீவாராசாரஸ் என்ற டைனோசரின் தாடைத் துண்டு, லைட்னிங் ரிட்ஜ் பக்கத்துச் சுரங்கக்காரர்களிடமிருந்து ஓர் ஓபல் வியாபாரி வாங்கிய பையில் மற்றக் கற்களோடு கிடந்தது, பல் வரிசையை அவர் கவனித்ததால்தான் தப்பியது. அந்தத் தாடையில் விலைபோகும் நிறம் அதிகமில்லை, ஆனால் அதற்கு ஈடாக இன்னொரு துண்டு உலகத்தில் கிடையாது. சந்தேகமான வடிவம் எதுவாக இருந்தாலும் லைட்னிங் ரிட்ஜில் இருக்கும் ஆஸ்திரேலிய ஓபல் மையத்துக்குக் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது? மறுபடியும் அந்தத் தண்ணீர்க் கணக்குதான். ஓபலுக்குள் தண்ணீர் இருப்பதால், சில ஊர்க் கற்கள் மண்ணைவிட்டு வெளியே வந்து வேகமாக உலரும்போது மேலெல்லாம் மயிரிழை விரிசல் விடும். கூபர் பீடி, லைட்னிங் ரிட்ஜ் கற்கள் பெரும்பாலும் தாங்கும். அமெரிக்காவில் நெவாடாவின் வர்ஜின் பள்ளத்தாக்குக் கற்கள் இப்படி விரிசல் விடுவதற்குப் பேர்போனவை. அங்கே மரக்கட்டைகளே ஓபலாக மாறிக் கிடக்கின்றன, சுரங்கக்காரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தேட விடுவார்கள், 1917-இல் அங்கே கிடைத்த ரோப்ளிங் ஓபல் 2,585 கேரட், இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு அழகான கல்லைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குப்பியிலேயே வைத்துப் பார்க்கிறவர்கள் அதிகம், வெளியே எடுத்தால் விரிசல் விடும் என்ற பயம்.

எத்தியோப்பியக் கல்லின் குணம் வேறு. அது நுண்துளைகள் உள்ள கல், தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக் கண்ணாடி போலத் தெளிந்துவிடும், நிறம் காணாமல் போகும், உலர்ந்தால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் தண்ணீரை உறிஞ்சுவது போலவே எண்ணெயையும் சாயத்தையும் உறிஞ்சும். இந்தியாவில் விற்கும் வெள்ளை ஓபலில் நிறைய எத்தியோப்பியாவிலிருந்து வந்து ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்பட்டவை. ஆகவே வீட்டில் யாராவது ஓபல் மோதிரம் போட்டிருந்தால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மெல்லிய ஓபல் சீவலைக் கறுப்புப் பின்புறத்தோடு ஒட்டி, அதன் மேல் கண்ணாடி போன்ற மூடியும் வைத்து விற்பதும் உண்டு. அதையும் நீரில் ஊறவைக்கக் கூடாது, பசை விட்டுப்போகும்.

பொறுக்கியதில் தேய்த்துப் பார்க்கத் தகுந்தது என்று ஒன்றிரண்டு தேறினால், வீட்டில் சும்மா உப்புத்தாளில் உரசத் தொடங்காதீர்கள். எந்தக் கல்லையும் காய்ந்த நிலையில் தேய்த்தால் கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓபல் சூடு தாங்காது என்பதாலும் தண்ணீர் வேண்டும். வைரத்தூள் பூசிய சக்கரத்தில் வடிவம் கொடுத்து, படிப்படியாக நைசான சக்கரங்களுக்கு மாறி, கடைசியில் கம்பளிப் பட்டையில் சீரியம் ஆக்சைடு தடவி மெருகேற்றுவார்கள். இந்த இயந்திரங்களைச் சொந்தமாக வாங்க எடுத்த எடுப்பிலேயே பணம் கொட்ட வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய நகரங்கள் பலவற்றில் கல் பட்டை தீட்டுகிறவர்களின் லாபிடரி கிளப்புகள் இருக்கின்றன, உறுப்பினரானால் சக்கரமும் கிடைக்கும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ள ஆளும் கிடைப்பார். முதலில் ஒரு பாட்ச் துண்டைத் தேய்த்துப் பழகுங்கள். அது தாராளமாகக் கிடைக்கும், கைக்கு ஓபலின் கடினம் பிடிபடும். நிறம் உள்ளதை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.